ஸ்ரீரங்கம் பஸ்ஸின் ஓட்டைப் படி

பஸ்ஸில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்காத கண்டக்டர் என்று என் ஆயுளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் காலைத்தான் பார்ப்பார். கலெக்டர் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தாலும் சரி, கீரைக்காரியாக இருந்தாலும் சரி, முதலில் கால். தினமும் ஏறும் வக்கீல் ஒருவர் பத்து நாள் விஷக்காய்ச்சலுக்குப் பிறகு தாடியும் மீசையுமாக வந்தபோது எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. இவர் குனிந்தபடியே, "வாங்க வக்கீல் சார், உடம்பு தேவலையா? செருப்புல சாணி இருக்கு, அப்படிக் கொஞ்சம் தேய்ச்சுட்டு ஏறுங்க" என்றார்.

"மூஞ்சியை எல்லாரும் கழுவிக்கிட்டு வந்துடறாங்க சார். காலை யாரு கவனிக்கறாங்க?" என்பார் என்னிடம்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா மண்டபம், காவிரிப் பாலம், சத்திரம் வழியாக ஜங்ஷனுக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். நான் அதே கம்பெனிக்கு ஸ்ரீரங்கத்தில் டைம் கீப்பர். மொட்டைக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு மேஜை, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, நான். முக்கியத்துவத்தில் நான்தான் முதல் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பஸ்ஸின் படியைச் சொல்ல வேண்டும். பின்பக்கம் இரண்டு இரும்புப் படிகள். ஒரு காலத்தில் வரி வரியாக மேடு இருந்திருக்கும். ஊர்க்கால் பட்டுத் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டது. விடிந்ததும் அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டி சொட்டச் சொட்ட ஒரு கூட்டம் ஏறும். பிறகு தயிர்ப்பானைகள் ஏறும். திருவானைக்காவலில் வாழைத்தார்க்காரர்கள் பால் வடியும் காம்போடு ஏறுவார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கொள்ளிடக்கரை வயல்களிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு அரைப்படி களிமண்ணைக் காலில் கொண்டுவருவார்கள். அந்த மண் ஒருவர் விட்டதன் மேல் இன்னொருவர் மிதித்து, அடைமாதிரி தடித்து, இறுகி, மேலே மறுபடி ஈரம் பட்டு, படியே சரிவாகிவிடும். ஏறக் கால் வைத்தவன் இறங்கிக்கொண்டிருப்பான்.

மற்ற பஸ்களில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். "பாத்து ஏறுங்க" என்று கத்துவார்கள். அதோடு சரி.

இவர் அப்படியில்லை. தோசைத் திருப்பி ஒன்று, தேங்காய் மட்டை ஒன்று, கோணிச்சாக்கு ஒன்று, ஒரு டின் நிறைய மணல். இவ்வளவும் அவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். வீட்டுத் தோசைத் திருப்பிதான் அது. அப்படியானால் வீட்டில் தோசையை எதனால் திருப்புகிறார்கள் என்று கேட்டேன். "இப்ப எங்க வீட்டுல இட்லிதான்" என்றார். வண்டி நின்றதும் இறங்குவார். சுரண்டுவார், மட்டையால் தேய்ப்பார், சாக்கால் ஒற்றுவார், மணல் தூவுவார். கடைசியில் உள்ளங்கையைப் படியில் வைத்து உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு ஒரு அழுத்து அழுத்துவார். கை நகரவில்லையென்றால்தான் விசில் வாய்க்குப் போகும். டிரைவர் முன்னாலிருந்து, "என்னய்யா, பூஜை முடிஞ்சுதா, இன்னும் நைவேத்தியம் பாக்கியா?" என்று சத்தம் போடுவார். இவர் காதில் விழாது.

என் காதில் நன்றாக விழும். ஏனென்றால் அந்த மூன்று நான்கு நிமிடங்களை நோட்டில் எழுத வேண்டியவன் நான். அதில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நான் ஒரு எழுத்தாளன் என்பது எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்திருந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய பதினேழு கதைகள் போன தபாலிலேயே திரும்பி வந்திருந்தன. ஆகவே என் கைத்திறமையை அந்தக் கட்டத்தில்தான் காட்ட வேண்டியிருந்தது. 'நான்கு நிமிடம் தாமதம். காரணம்: நடத்துனர் படியோடு சல்லாபம்.' 'மூன்று நிமிடம். காரணம்: படிக்கு அபிஷேகம்.' எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்துச் சிரிப்பேன். அந்த நோட்டு மாதாமாதம் தலைமை ஆபீசுக்குப் போகிறது என்பதும், அங்கே சிரிக்காமல் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் என் மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் கேட்டேன். "ஏண்ணே, மத்த வண்டியில எல்லாம் யாரும் தொடைக்கறதில்லையே?"

"அங்கெல்லாம் படி ஈரமா இல்லீங்களா?"

"ஈரமாத்தான் இருக்கு."

"அப்ப தொடைக்கச் சொல்லுங்க."

என்னமோ நான் அந்தக் கண்டக்டர்கள் சார்பில் யோசனை கேட்க வந்த மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் திருப்தியாகவில்லை. இவ்வளவு துடைக்கிற மனிதனுக்கு உள்ளே ஏதோ ஒரு பெரிய காயம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். நாவல் நிறையப் படித்துக் கெட்டுப்போயிருந்த காலம்.

அவரிடம் பிடிவாதம் உண்டு, சண்டை கிடையாது. ஒரு மார்கழிக் காலையில், நானும் அந்த வண்டியில் வந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. அம்மா மண்டபத்தில் கீழச் சித்திரை வீதி மாமி ஒருவர் ஈரப் புடவையோடு, கையில் தீர்த்தச் சொம்போடு வந்து நின்றார். படியில் சாக்கு விரித்திருந்தது. மாமி காலை எடுத்தார், சாக்கைப் பார்த்தார், காலை வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, தீர்த்தமாடிட்டு மடியா வரேன். ஊர்க்கால் பட்ட சாக்கு மேல எப்படிக் காலை வைப்பேன்?"

அதே பஸ்ஸுக்குள் மாமி யார் யாருக்கு நடுவில் இடிபட்டு நிற்கப்போகிறார் என்பதை நானாக இருந்தால் எடுத்துச் சொல்லியிருப்பேன். வாங்கியும் கட்டிக்கொண்டிருப்பேன். இவர் மறுபேச்சில்லாமல் சாக்கைச் சுருட்டினார். டின்னை எடுத்தார்.

"சாக்கு வேணாங்க மாமி. மணல் போடறேன், மிதிச்சுக்கிட்டு ஏறுங்க."

"எந்த மணல்?"

"காவிரி மணலுங்க. நீங்க குளிச்சுட்டு வரீங்களே, அந்தத் துறையிலதான் காலையில அள்ளினேன்."

மாமி யோசித்தார். "அதே துறையா?"

"அதே துறை."

"அப்போ நன்னாப் போடு."

பாலக்கரை மாதா கோயிலுக்குப் பக்கத்து வீடு அவருடையது. சட்டைக்குள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில், மாதா படம் தைத்த உத்தரியம் தொங்கும். ஆனால் மடிக்கு மணல், மற்றவர்களுக்குச் சாக்கு என்று அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டார். மாமிகள் மத்தியில் அவருக்கு இருந்த மதிப்பு கம்பெனி முதலாளிக்குக்கூடக் கிடையாது. அவர் வண்டிதான் வேண்டுமென்று முந்தின வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதையும் நான் நோட்டில் கேலியாக எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு செய்தும் மழைக்காலத்தில் அவரால் சமாளிக்க முடியவில்லை. ஒரு ஸ்டாப்பில் சுரண்டினால் அடுத்த ஸ்டாப்பில் மறுபடி களிமண். என்ன செய்தார் தெரியுமா? ஒருதரம் வண்டி ரிப்பேருக்காக அரியமங்கலம் பட்டறைக்குப் போனபோது, அங்கே மெக்கானிக்கைப் பிடித்து இரண்டு படிகளிலும் வரிசை வரிசையாக ஓட்டை போட்டுவிட்டார். கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டைகள். துளையின் விளிம்பு மேல்பக்கம் சொரசொரப்பாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்படி கீழிருந்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் தன்பாட்டுக்குக் கீழே வடிந்துவிடும். மிதித்த மண் ஓட்டை வழியாக உருண்டை உருண்டையாகக் கீழே விழும். விளிம்பு காலைப் பிடித்துக்கொள்ளும். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அனுமதி கேட்க வேண்டிய சமாசாரம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

நாலு நாளில் ஓட்டைகள் மண்ணால் அடைத்துக்கொண்டன. அவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். படுத்துக்கொண்டு படிக்கு அடியில் நுழைந்து, அடிப்பக்கமும் ஓட்டையின் உள்விளிம்பும் விளக்கெண்ணெய் தடவினார். பிறகு மண் ஒட்டவே இல்லை. எங்கள் பஸ் போகிற வழியெல்லாம் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகக் களிமண் விழுந்துகொண்டே போகும். தாமதம் நான்கு நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு வந்துவிட்டது. என் நோட்டில் எழுத விஷயமில்லாமல் போயிற்று.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. இனிமேல் வருவதெல்லாம் அதனால் வந்த வினை.

ஒரு சனிக்கிழமை அவர், "வீட்டுல ஒரு விசேஷங்க" என்று சொல்லி லீவு போட்டிருந்தார். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. மூன்று வருஷப் பழக்கத்தில் அவர் வீட்டைப் பற்றி நான் எதையுமே கேட்டதில்லை. அவருக்குப் பதில் வந்த கண்டக்டர் படியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. மாமிகள் வந்து நின்று உதட்டைப் பிதுக்கினார்கள். சரி, நாமே ஒரு கை பார்ப்போம் என்று எழுந்தேன். எண்ணெய்க் குப்பியையும் கந்தலையும் வைத்துக்கொண்டு அவர் ஏதோ தடவுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எண்ணெய் தடவினால் மண் ஒட்டாது, அவ்வளவுதானே? அவர் சீட்டுக்கு அடியிலிருந்த விளக்கெண்ணெயை எடுத்து இரண்டு படிக்கும் மேல்பக்கம், மூலை முடுக்கு விடாமல், சந்தனம் பூசுவதுபோலப் பூசினேன்.

முதலில் ஏற வந்தவர் செக்கிங் இன்ஸ்பெக்டர். நல்ல பருமன். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்ட். "என்னய்யா, எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே காலை வைத்தார். கால் உள்ளே போயிற்று, அவர் வெளியே வந்தார். விழும்போது பிடிப்புக்கு என் சட்டையைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சேற்றில் உட்கார்ந்தோம்.

தயிர்க்காரம்மா ஒருத்தி பானையை இறக்காமலே படியை முகர்ந்து பார்த்தாள். "சனிக்கிழமைன்னா ஆம்பளைங்க எண்ணெய் தேச்சுக் குளிப்பாங்க, தெரியும். பஸ்ஸுக்குமாய்யா தேய்ப்பீங்க?" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்திருந்ததால் அவர் கண்ணுக்கு நேராகப் படி இருந்தது. அதனால்தான் ஓட்டைகளைப் பார்த்தார்.

"எவன்யா இதுல ஓட்டை போட்டது? எண்ணெயை எவன் தடவினான்?"

நான் சொன்ன பதிலை இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. "லீவுல போன கண்டக்டர்தான் சார் வழக்கமா தடவுவார்" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். மொத்தமாகச் சேர்த்தால் அயோக்கியத்தனம்.

திங்கட்கிழமை அவர் வந்ததும் படியைத் தொட்டார், விரலை முகர்ந்தார். "மேலே யாருங்க தடவினது?"

"நான்தாண்ணே."

கோபிப்பார் என்று பார்த்தேன். சிரித்துவிட்டார். "கீழே தடவினா மண்ணு வழுக்கும் சார், மேலே தடவினா மனுஷன்ல வழுக்குவான்" என்று சொல்லி, எதிர்க் கடையில் சீயக்காய்த் தூள் வாங்கி வந்து படியைத் தேய்த்துக் கழுவினார். அன்று சாயங்காலமே மெமோ வந்துவிட்டது. கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியது, எண்ணெய் தடவி மேலதிகாரியை விழவைத்தது, இரண்டு வருஷமாகத் தினமும் வண்டியைத் தாமதம் செய்தது. மூன்றாவது குற்றத்துக்குச் சான்றாக என் நோட்டிலிருந்து வாக்கியங்களை எடுத்துப் போட்டிருந்தார்கள். 'படியோடு சல்லாபம்' டைப் அடித்திருந்தது. என் எழுத்து முதன்முதலாக அச்சேறிய சந்தர்ப்பம் அது. மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் வேலைநீக்கம்.

எண்ணெய் விஷயத்தை நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று இழுத்தேன். இழுப்பில் உறுதி போதவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"விடுங்க சார், உங்க வேலையும் போயிடப்போவுது. ஓட்டை போட்டது நாந்தானே? எனக்கு எழுத வராது, நீங்களே விளக்கத்தை எழுதிடுங்க. படி ஈரமா இருந்துச்சு, அதான் ஓட்டை போட்டேன்னு எழுதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப மட்டும் வேலை போவக் கூடாதுங்க" என்றார். அவர் குரலில் முதல்தடவையாகப் பயம் இருந்தது. இப்ப மட்டும் ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெள்ளைத்தாளின் அடியில் அவர் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடிவிட்டார். மேலே என்ன எழுதினாலும் சரி என்று அவ்வளவு நம்பிக்கை.

'படி ஈரமாக இருந்தது.' இதை எழுதினால் எந்த மேனேஜர் விடுவார்? எனக்குக் குற்றவுணர்ச்சி வேறு. எப்படியாவது இந்த மனிதரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். சத்தியமாக நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தில் எழுதினேன்: 'ஐயா, பத்தாண்டுகளுக்கு முன் ஓர் அடைமழை நாளில், என் ஒரே செல்வமகள், ஏழு வயதுப் பாலகி, தஞ்சையிலே தன் தளிர்ப் பாதத்தை ஒரு மோட்டார் வண்டியின் ஈரப்படியில் வைத்தாள். ஐயா, அதன்பின் அந்தப் பாதம் இப்பூவுலகில் எங்கும் பதியவில்லை. அன்று எவரும் துடைக்காத அந்தப் படியைத்தான் இந்தப் பாவி இன்றுவரை துடைத்துக்கொண்டிருக்கிறேன்.' பாலகி என்று ஒரு சொல் உண்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. எழுதி முடித்ததும் நானே அழுதுவிட்டேன். எத்தனை மட்டமான கதைக்கும் முதல் ஏமாளி எழுதினவன்தான்.

பதினேழு பத்திரிகாசிரியர்களை அசைக்க முடியாத என் பேனா மேனேஜரை அசைத்துவிட்டது. அவருக்கும் பெண் குழந்தைகள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். மெமோ ரத்து. அதோடு விட்டாரா? கம்பெனியின் அத்தனை பஸ்களின் படியிலும் ஓட்டை போட உத்தரவு. இன்னொன்றும் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்: அந்த மனிதரிடம் யாரும் இதைப் பற்றிப் பேசக் கூடாது, ஆறின புண்ணைக் கிளறக் கூடாது.

பிறகு இரண்டு மாதம் அவரை எல்லோரும் தாங்கினார்கள். டிரைவர் பூஜை, நைவேத்தியம் பேச்சையெல்லாம் விட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் வலியக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க சார் இது, என்னைப் பாத்தாலே எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறாங்க? எனக்கு ஏதாச்சும் பெரிய வியாதியா?" என்று என்னிடம் கேட்டார். "உங்க மேல மரியாதைண்ணே" என்றேன். எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே ஒரு மஞ்சள் தடவிய பத்திரிகை.

"எம் பொண்ணுக்குக் கல்யாணங்க சார். பொங்கல் கழிஞ்சு. அன்னிக்கு லீவு போட்டேனே, நிச்சயதார்த்தம் அன்னிக்குத்தான். நல்லவேளை, வேலை நின்னுச்சு. இல்லாட்டி மாப்பிள்ளை வீட்டுல பின்வாங்கியிருப்பாங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

"பொண்ணா? உங்களுக்கு... பொண்ணு இருக்கா?"

"ஒரே பொண்ணுங்க. வாங்க, மேனேஜருக்குப் பத்திரிகை வைக்கணும். எனக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்கு."

மேனேஜர் ஊரில் இல்லை என்றேன். இருக்கிறார், விசாரித்துவிட்டேன் என்றார். தபாலில் அனுப்பினால்தான் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்கும் என்றேன். அது மரியாதையில்லை என்றார். எனக்கு வயிற்றுவலி என்றேன். ஓமத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து என்னைப் பஸ்ஸில் ஏற்றினார். உண்மையைச் சொல்ல சத்திரம் வரைக்கும் நேரம் இருந்தது, காவிரிப் பாலம் முழுக்க நேரம் இருந்தது. வாயைத் திறக்கத்தான் தைரியமில்லை.

மேனேஜர் அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "வாப்பா, வா. என்ன விசேஷம்?"

"எம் பொண்ணுக்குக் கல்யாணங்க. ஐயா குடும்பத்தோட வந்து ஆசீர்வாதம் பண்ணணும்."

"ரொம்ப சந்தோஷம். ரெண்டாவது பொண்ணா?"

"இல்லீங்க. ஒரே பொண்ணு."

"அதுக்கப்புறம் பொறந்ததா?"

"எதுக்கப்புறங்க?"

மேனேஜர் அவரைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெல்ல ஃபைலைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "இது உன் கையெழுத்துத்தானே? கொஞ்சம் வாசி."

அவர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விரலை வைத்து, வார்த்தை வார்த்தையாக, சத்தமாக வாசித்தார். 'என் ஒரே செல்வமகள்' என்று வந்ததும் முகம் மலர்ந்து மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். "எம் பொண்ணைப் பத்தி எழுதியிருக்காரு சார்" என்றார். பிறகு மேலே வாசித்தார். 'பதியவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது. அந்த வரியை முதலிலிருந்து இன்னொருதரம் வாசித்தார், இந்த முறை சத்தமில்லாமல். காகிதத்தின் ஓரம் கல்யாணத் தட்டில் பட்டுக்கொண்டிருந்தது. தட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எம் பொண்ணு நல்லா இருக்காங்க" என்றார் மேனேஜரிடம். "காலையில கூட இட்லி வச்சுக் குடுத்தாங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அண்ணனைக் காப்பாத்தத்தான் சார் எழுதினேன். ஒரு காரணம் வேணுமேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"காரணந்தான் சொன்னேனே சார்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "ஈரமா இருந்துச்சுன்னு சொன்னேனே. ஒரு படியைத் தொடைக்கறதுக்கு யாராச்சும் செத்திருக்கணுமா?"

மேனேஜரும் ஒரு சாவைக் கேட்ட பிறகுதான் அத்தனை பஸ்ஸுக்கும் ஓட்டை போட உத்தரவு போட்டிருந்தார். "அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடுங்கய்யா. கல்யாணப் பொண்ணு" என்று அவர் கேட்டதும் மேனேஜர் நாலாகக் கிழித்துப் போட்டார்.

கண்டக்டர் வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை. உத்தரவைத் திரும்ப வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள், தான் அழுத கதையும் வெளியே வரும் என்று மேனேஜருக்குப் பயம். எனக்கு அன்று சாயங்காலமே உப்பிலியபுரத்துக்கு மாற்றல். அங்கே ஒரு நாளைக்கு நான்கே பஸ். காரணம் எழுதும் கட்டத்தை அதற்குப் பிறகு நான் வெறுமையாகவே விட்டேன்.

கல்யாணத்துக்குப் போனேன். பத்திரிகை கையில் இருந்தது, யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலக்கரையில் அவர் வீட்டு வாசலில் பந்தல். அவர் என்னைப் பார்த்து, "வாங்க சார், சாப்பிடுங்க" என்றார். முன்பு போலத்தான் சொன்னார். சாப்பாடு முடிந்து பரிசைக் கொடுக்கப் போனபோது மணப்பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் பூக்கிரீடம். அப்பாவின் அதே அகன்ற நெற்றி.

"நீங்கதானே டைம் கீப்பர்? என்னை ஏழு வயசுல சாவடிச்சீங்களே?" என்று சொல்லிச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தான். "எந்தக் காலுங்க வழுக்குச்சு, எடது காலா, வலது காலா? அதை எழுதவே இல்லையாமே?"

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இந்தப் பெண் மன்னித்துவிட்டாள், கதை சுபமாக முடிந்தது என்று நானும் ஈறு தெரியச் சிரித்தேன். மாப்பிள்ளை வேறு யாருடனோ பேசத் திரும்பியதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கப்பா வீட்டுக்கு வந்தா படியைப் பத்திப் பேசினதே இல்லீங்க. நல்லாச் சாப்பிடுவாரு, பாட்டுப் பாடுவாரு. இப்ப அம்மாகிட்ட சொல்லி அழறாரு. படியைத் தொடைக்கறப்பல்லாம் ஒரு சின்னப் பொண்ணு விழற மாதிரியே தெரியுதாம். என் மூஞ்சியாம். காலையில மாதா கோயில் படியில ஏறும்போது கையைப் பிடிச்சாரு பாருங்க, பீடம் வரைக்கும் விடலை. அது பொய்யின்னு அவருகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்."

பந்தல் வாசலில், ஜனங்கள் கை கழுவிச் சிந்திய தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவர், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டுச் சாக்கால் ஒற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அண்ணே, நான் எழுதினது பொய்ண்ணே. அப்படி ஒண்ணும் நடக்கவே இல்லை. அத்தனையும் நானா இட்டுக்கட்டினது."

அவர் ஒற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியுங்க சார்" என்றார். "ஆனாலும் தெனம் விழறா."